முற்றுப்புள்ளி அறிந்தவர்: மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார்

தமிழ் இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு மலரில், ஆங்கிலத்தால் பெயர் பெற்ற ஒருவரின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அவர் தமிழுக்குச் செய்தது குறைவு. தமிழன்பர்களின் மனத்தாங்கலுக்கும் ஒருமுறை ஆளானார். ஆயினும் நம்மிற் கவிதை எழுதும் பலர் தம் படைப்புகளைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்க்க முற்படுகின்றனர். முன்னுரையும் கடிதமும் அம்மொழியில் வரைகின்றனர். அவ்வெழுத்துகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் பிழை ஒன்று உண்டு. ஒரு வாக்கியம் முடிந்த பின்னும், முடிந்தது தெரியாமல் அது அடுத்த வாக்கியத்துக்குள் ஓடிவிடுகிறது. ஆங்கில இலக்கணத்தார் இதனை ‘ரன்-ஆன்’ என்பர். இப்பிழையின் வேரைத் தேடிப் போனால், மயிலாப்பூரில் வாழ்ந்து மறைந்த ஒரு பழைய பள்ளி ஆசிரியரிடம் வந்து நிற்கிறோம்.

வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரி 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்தார். காந்தியடிகளுக்குப் பத்து நாள் மூத்தவர். தந்தையார் வைதிகத் தொழிலினர். வீட்டில் வடமொழி உண்டு, பொருள் இல்லை. கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் முடிந்தன. அக்காலத்துக் கும்பகோணம் கல்லூரி தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று பெருமை பேசப்பட்ட இடம். பட்டம் பெற்றதும் மாயவரத்தில் ஆசிரியரானார். பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி, சேலம் நகராட்சிக் கல்லூரியில் பணி, சென்னைப் பச்சையப்பன் நிறுவனத்தில் பணி, முடிவில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியப் பொறுப்பு. 1907இல் அப்பொறுப்பைத் துறந்து கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேரும்வரை அவர் வாழ்வு கரும்பலகையும் பயிற்சி ஏடுமாகவே கழிந்தது.

இக்காலத்தைப் பற்றி வழங்கும் கதைகளிற் சிலவற்றை அப்படியே கொள்வதற்கில்லை. மாணவராயிருந்தபோதே நெஸ்பீல்டின் ஆங்கில இலக்கண நூலில் பிழை கண்டு திருத்தினார் என்பது அவற்றுள் ஒன்று. நெஸ்பீல்டின் இலக்கண நூல்கள் 1890களில் வெளிவந்தவை. சாஸ்திரியார் கல்லூரியை விட்டது அதற்கு முன்பே. ஆசிரியராயிருந்த காலத்தில் திருத்தியிருந்தால் வியப்பில்லை. மாணவப் பருவத்துக்கு அக்கதையை ஏற்றியவர்கள் அவர் புகழைக் கூட்டுவதாக எண்ணி, அவர் உழைப்பைக் குறைத்துவிட்டனர். அவருடைய ஆங்கிலம் பிறவியிலேயே வந்ததன்று. ஆண்டுக்கணக்காகப் பிறர் ஏடுகளைத் திருத்தித் திருத்திக் கூர்மையேறியது.

திருவல்லிக்கேணியில் அவர் முன் அமர்ந்த சிறுவர்கள் வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசியவர்கள். அத்தகைய மாணவர் ஏட்டில் எந்தப் பிழை மிகுதியாக விழும் என்பதை ஆங்கில ஆசிரியர் எவரும் அறிவர். தமிழில், அவன் எழுந்து குளித்து உண்டு பள்ளிக்குச் சென்றான் என்கிறோம். நான்கு செயல்கள், முற்று ஒன்றே. எழுந்து, குளித்து, உண்டு என்பன எச்சங்கள். அவை தாமாக நில்லாமல் ‘சென்றான்’ என்ற வினைமுற்றைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. மாணவன் இதனை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வோர் எச்சத்தையும் முற்றாக்கிவிடுகிறான்: ஹி காட் அப், ஹி பேத்டு, ஹி ஏட், ஹி வென்ட் டு ஸ்கூல். இப்போது நான்கு வாக்கியங்கள் பிறந்துவிட்டன. அவன் மனத்திலோ அது இன்னும் ஒன்றுதான். ஆகவே இடையிற் காற்புள்ளியை இட்டுவிட்டு நிம்மதியாயிருக்கிறான். சில வேளை அதுவும் இல்லை.

இதற்கு இன்னோர் ஆழமான காரணமும் உண்டு. நம் முன்னோர் ஓலையில் எழுதினர். ஓலையில் நிறுத்தக் குறிகள் இல்லை; மெய்யெழுத்தின் புள்ளியைக் கூடப் பெரும்பாலும் இடாது விட்டனர். வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை வினைமுற்றே சொல்லிவிடும். உரையாசிரியர்கள் ‘என்க’ என்றும் ‘என்றவாறு’ என்றும் ஒரு சொல்லைப் போட்டு நிறுத்தினார்கள். அவைதாம் நம் முற்றுப்புள்ளிகள். குறிகள் அச்சு இயந்திரத்தோடு வந்து சேர்ந்தவை. அதனால் இன்றும் தமிழ் எழுதுவோர்க்குக் குறி ஓர் அணிகலன். இருந்தால் அழகு, இல்லையென்றால் குடி முழுகிவிடாது. ஆங்கிலத்தில் அப்படியன்று. அங்கே வினை வாக்கியத்தின் நடுவில் அமர்ந்திருக்கிறது. அதனைக் கண்டு முடிவை அறிய இயலாது. எழுத்தில் முடிவைக் காட்டும் பொறுப்பு முற்றுப்புள்ளியின் தலையில் விழுகிறது. அதனை இடாதவன் ஓர் அணியை விடவில்லை, வாக்கியத்தின் எலும்பையே விட்டுவிடுகிறான்.

பிழையைக் கண்டுபிடிப்பது கடினமன்று. ஐயம் தோன்றிய இடத்தில் ஒரு கோடு கிழித்து, இருபுறமும் தனித்தனியே படித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் தம் எழுவாயோடும் முற்றுவினையோடும் தாமே நிற்குமாயின், நடுவில் வெறுங் காற்புள்ளிக்கு இடமில்லை. தி பெல் ராங், தி பாய்ஸ் ரேன் ஹோம் என்பது இவ்வாறு பிடிபடும். திருத்தத்திற்கு வழிகள் பல. முற்றுப்புள்ளி இட்டு இரண்டாக்கலாம். காற்புள்ளியோடு ‘அண்ட்’ என்ற இணைப்புச் சொல்லைச் சேர்க்கலாம். பொருளால் நெருங்கியவை என்று தோன்றினால் அரைப்புள்ளி இடலாம். இவற்றினும் மேலான வழி ஒன்று நம்மிடமே இருக்கிறது. தமிழில் நாம் மணி அடித்தது, பையன்கள் ஓடினார்கள் என்றா சொல்கிறோம்? மணி அடித்ததும் பையன்கள் வீட்டுக்கு ஓடினார்கள் என்கிறோம். ஒன்றை மற்றொன்றுக்குச் சார்பாக்கும் அந்த ‘அடித்ததும்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘வென்’ என்ற சொல் காத்திருக்கிறது. தமிழ்க் காது நன்கு அமைந்தவன், அக்காதின் சொற்படி நடந்தால் இப்பிழையைச் செய்யான்.

கற்றவர்களைப் பிடிக்கும் பொறி வேறு. ‘தேர்ஃபோர்’, ‘ஹவெவர்’ போன்ற சொற்கள் நம்முடைய ‘ஆகவே’, ‘ஆனால்’ போலத் தோன்றுவதால், அவை இரண்டு வாக்கியங்களைக் கட்டும் கயிறு என்று நம்பி முன்னே காற்புள்ளி மட்டும் இடுகிறோம். அவை கயிறு அல்ல. புது வாக்கியத்தின் தலைப்பாகை. அவற்றுக்கு முன் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். ஜூலியஸ் சீசரின் புகழ்பெற்ற மூன்று சிறு வாக்கியங்களைக் காற்புள்ளியால் அடுக்குவதுபோல, மிகக் குறுகிய, ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களுக்கு ஆங்கிலம் சலுகை தருவதுண்டு. சலுகையைச் சட்டமாக்குதல் கூடாது. கவிஞர்கள் கேட்கக்கூடிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம்: அடியை உடைத்து அடுத்த வரிக்குப் போவதால் வாக்கியம் முடிந்துவிடாது. வரியின் முடிவு வேறு, வாக்கியத்தின் முடிவு வேறு. நீளமும் குற்றமன்று. பத்து வரி ஓடும் வாக்கியம் மூட்டுகள் சரியாக இருந்தால் ஒன்றேயாகும். ஐந்து சொல்லில் இரண்டு வாக்கியங்கள் முட்டிக்கொள்வதும் உண்டு.

சாஸ்திரியாரின் அச்சான பேருரைகளைப் படிப்போர்க்கு இது விளங்கும். நீண்ட வாக்கியங்கள் அவரிடம் ஏராளம். ஆனால் எந்தச் சார்பு எந்த முதன்மையைப் பற்றி நிற்கிறது என்று ஒருபோதும் தடுமாற நேராது. நீண்டதொன்றின் பின் குறுகியதொன்று வந்து கதவைச் சாத்தும். இந்த ஒழுங்கு வடமொழியிலிருந்து வந்ததா, ஆங்கில நாவல்களிலிருந்து வந்ததா என்று ஆராய்ந்தோர் உண்டு. என் எண்ணம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது என்பதே. சிறுவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று நாள்தோறும் சொல்லிக்கொடுத்தவன் தான் நிறுத்த மறப்பதில்லை. 1945இல் வெளிவந்த அவருடைய எழுத்துத் தொகுப்பு ஒன்று ‘தி அதர் ஹார்மனி’ என்று பெயர் பெற்றது. செய்யுளின் இசைக்கு எதிரே உரைநடைக்கும் ஓர் இசை உண்டு என்ற டிரைடனின் கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டம் அப்பெயரை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

அரசியல் வாழ்வை இங்கே விரித்தெழுதுவதற்கில்லை. 1915இல் கோகலே மறைந்ததும் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமை அவரிடம் வந்தது. அவ்வாண்டே காந்தியடிகளும் அச்சங்கத்திற் சேர விரும்பினார். உறுப்பினரிடையே கருத்து வேற்றுமை எழவே தாமே விலகிக்கொண்டார். ஓர் ஆசானின் இரு மாணவர்கள் இருவேறு பாதையிற் பிரிந்த இடம் அது. 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்துச் சாஸ்திரியார் சட்டசபையில் ஆற்றிய உரை அவர் உரைகளுள் தலைசிறந்தது என்பர். ஆனால் அதே மசோதாவை எதிர்த்துக் காந்தியடிகள் தொடங்கிய சத்தியாகிரகத்தை அவர் ஏற்கவில்லை. சட்டத்தை எதிர்ப்பதற்கும் மீறுவதற்கும் இடையே அவர் ஒரு கோடு கண்டார். அந்தக் கோட்டை அவர் வாழ்நாள் முழுதும் தாண்டவில்லை. நாடு தாண்டிச் சென்றுவிட்டது.

1921இல் இலண்டன் மாநகரின் கௌரவக் குடியுரிமையும் பிரிவி கவுன்சில் பதவியும் வந்தன; அன்றுமுதல் தமிழ்நாட்டார்க்கு அவர் மகாகனம் சாஸ்திரியார். வெள்ளி நாவினர் என்றும் பெயர். ஆங்கிலேயப் பிரபுக்கள் அவர் ஆங்கிலத்தைப் பாராட்டியவை ஒரு நூலளவு தேறும். அப்பாராட்டில் ஒரு பங்கு, கறுத்த மனிதன் இவ்வளவு நன்றாகப் பேசுகிறானே என்ற வியப்புத்தான் என்பதை மறைப்பதற்கில்லை. பாராட்டியவர்கள் கொடுத்தார்களா என்பதே கேள்வி. 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குச் சென்று அங்கு வாழ்ந்த இந்தியரின் உரிமைக்காகப் பேசினார். ஆஸ்திரேலியா 1925இல் தன்னிடம் வாழ்ந்த பிரிட்டிஷ் இந்தியர்க்கு வாக்குரிமை தந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா செவிசாய்க்கவில்லை. அங்கு வாக்குரிமை வந்தது 1947இல். 1923இல் கென்யா இந்தியர்க்காக இலண்டனில் வாதாடித் தோற்றார். அத்தோல்வி அவரை உள்ளுற உடைத்தது. பிழையற்ற வாக்கியத்தால் மட்டும் பேரரசின் மனம் திரும்பிவிடாது என்று அவர் அறிந்துகொண்ட ஆண்டு அது.

ஆசிரியர் வேலை மீண்டும் கைகொடுத்தது தென்னாப்பிரிக்காவில். 1927 முதல் 1929 தொடக்கம்வரை இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக அங்கிருந்தபோது, நேட்டால் இந்தியர்க்கு உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் இல்லாத குறையைக் கண்டார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன தமிழரும் தெலுங்கரும் பெற்ற மக்கள் அவர்கள். நிதி திரட்டினார், இந்தியரே வழங்கினர். 1929இல் டர்பனில் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அவருடைய பேச்சுகள் அனைத்தும் மறந்துபோனாலும் அது மறவாது.

தமிழன்பர்களின் மனத்தாங்கல் பற்றி முன்பே குறித்தேன். 1935 முதல் 1940வரை அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அப்பதவியை விட்ட ஆண்டில், சென்னை அரசு அறிவியற் கலைச்சொற்களை வகுக்க ஒரு குழுவை அமைத்து அவரைத் தலைவராக்கியது. குழு வடசொற்களின் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கண்டனம் எழுப்பினர். தமிழறிஞர்களும் குழுவிற் சேர்க்கப்பட்டனர். கண்டனம் எழுப்பியவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. ஆங்கில வாக்கியத்தின் ஒவ்வொரு மூட்டையும் அறிந்தவர்க்குத் தம் தாய்மொழி தானே சொல் ஈனும் ஆற்றலுடையது என்பதில் நம்பிக்கை போதவில்லை. அவர் தலைமுறை கற்றோர் பலரிடமும் இருந்த குறை அது. சாஸ்திரியாரின் பெயரால் அதனைப் பொறுத்தருள வேண்டியதில்லை.

இனி, அவர் வாழ்வில் மிகக் குறைவாகப் பேசப்படும் பணிக்கு வருகிறேன். காந்தியடிகள் தம் தன்வரலாற்றைக் குஜராத்தியில் எழுதினார். 1925 முதல் 1929வரை அது வாரந்தோறும் ‘நவஜீவன்’ இதழில் வந்தது. மகாதேவ தேசாய் உடனுக்குடன் பெயர்க்க, ‘யங் இந்தியா’வில் ஆங்கிலத்திலும் வந்தது. 1927இலும் 1929இலும் இரு தொகுதிகளாக நூலாயிற்று. வாரக் கெடுவுக்குள் செய்த பெயர்ப்பு. குஜராத்தியும் நம் மொழியைப் போலவே எச்சங்களை அடுக்கி ஒரு முற்றில் முடிக்கும் மொழி. செய்து, சென்று, கண்டு என்று மூலம் ஓடும். ஆங்கிலத்தில் எதனை முற்றாக்குவது, எதனைச் சார்பாக்குவது, எங்கே புள்ளி வைப்பது என்பதை ஒவ்வொரு வரியிலும் பெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். நம் திருவல்லிக்கேணிச் சிறுவனின் இடர் தேசாய் போன்ற பேரறிஞர்க்கும் உண்டு என்பதே இதன் பொருள். வேறுபாடு, அவர் அதனை அறிந்திருந்தார் என்பது.

1940இல் ஒரே தொகுதியாக வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், ஆங்கிலப் புலமையிற் புகழ்பெற்ற பெரியார் ஒருவர் மொழி நோக்கில் நூல் முழுவதையும் நுணுகித் திருத்தித் தந்தார் என்றும், தம் பெயரை எவ்விடத்தும் வெளியிடலாகாது என்பதை நிபந்தனையாக வைத்தார் என்றும் தேசாய் குறிக்கிறார். அப்பெரியார் ஸ்ரீநிவாச சாஸ்திரியாரே என்பதைப் பின்னாளில் அனைவரும் அறிந்துகொண்டனர். 1933இல் ‘ஹரிஜன்’ ஆங்கில இதழ் தொடங்கியபோதும் அதன் ஆங்கிலத்தைப் பார்த்துப் பிழை சுட்டும்படி காந்தியடிகள் அவரை வேண்டியதுண்டு. (அவ்விதழின் முதல் ஆசிரியர் ஆர். வி. சாஸ்திரி வேறொருவர், அவரும் தமிழ்நாட்டாரே. பெயர் ஒற்றுமையால் சிலர் மயங்குவதுண்டு.)

இதன் அருமையைச் சற்றே எண்ண வேண்டும். அந்நூலிற் சொல்லப்படும் வழியைச் சாஸ்திரியார் ஏற்றவர் அல்லர். ஒத்துழையாமையை எதிர்த்தவர், சட்ட மறுப்பை எதிர்த்தவர். தென்னாப்பிரிக்கச் சிறைவாசம் பற்றியும் கெடா பற்றியும் நூலில் வரும் பக்கங்களைக் கையில் எழுதுகோலோடு படித்தபோது, கருத்தைத் தொட அவர்க்கு உரிமையில்லை. புள்ளியைத் தொடலாம், இணைப்பைத் தொடலாம், ஒரு சொல் தன் இடத்தில் இல்லையேல் எடுத்து வைக்கலாம். தாம் உடன்படாத ஒரு கருத்து தன் முழு வலுவோடு உலகின் முன் நிற்க வேண்டும் என்பதற்காக அவர் உழைத்தார். திருத்துகிற ஆசிரியர்க்கும் கவிதை பெயர்ப்போர்க்கும் இதனினும் கடிய சோதனை வேறில்லை. நம்முள் ஒருவர் கவிதையை மற்றொருவர் திருத்தும்போது, பிழையை நீக்குகிறோமா, நம் கருத்தைப் புகுத்துகிறோமா என்று எத்தனை முறை சண்டையிட்டிருக்கிறோம்!

இறுதி ஆண்டுகள் மயிலாப்பூரில். நெஞ்சு நோய் நெடுநாளாக உடனிருந்தது. 1944இல், சென்னை ஸம்ஸ்கிருத அகாதெமியின் ஆதரவில், வால்மீகி இராமாயணம் பற்றி ஏப்ரல் முதல் நவம்பர்வரை முப்பது சொற்பொழிவுகள் ஆங்கிலத்தில் நிகழ்த்தினார். இராமனைத் தெய்வமாகக் கொள்ளாது மனிதனாகவே கொண்டு பேசினார். எழுபத்தைந்து வயதை எட்டியிருந்தவர், தம் இளமையிலிருந்து உடன்வந்த காவியத்தைப் பற்றிப் பேசுகையில் கண் கலங்குவதுண்டு என்று கேட்டவர்கள் சொல்வர். அவை நூலானது 1949இல், அவர் பார்க்கவில்லை.

1946 ஜனவரியில் தட்சிண பாரத இந்திப் பிரசார சபையின் வெள்ளி விழாவுக்காகக் காந்தியடிகள் சென்னைக்கு வந்து தியாகராய நகரில் தங்கினார். அப்போது நோய்ப்படுக்கையிலிருந்த சாஸ்திரியாரை மருத்துவமனைக்குச் சென்று கண்டார். பத்து நாள் மூத்தவரைத் தமையனாகவே கருதிக் கடிதம் எழுதி வந்தவர் அவர். முப்பது ஆண்டுகளாக முக்கியக் கருத்துகள் பலவற்றில் ஒன்றுபடாத இருவர்க்கும் அது கடைசிச் சந்திப்பாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் காலமானார்.

லஸ்ஸில் ரானடே நூலகத்தோடு இணைந்த மண்டபத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அங்கு நடந்த கூட்டங்களுக்கு நம் அன்பர்கள் பலர் சென்றிருப்பர். தன்வரலாற்றின் ஆங்கிலப் பதிப்பு அன்றுமுதல் இன்றுவரை அச்சாகிக்கொண்டே இருக்கிறது. தேசாயின் முன்னுரை அதில் அப்படியே உள்ளது. திருத்தியவர் பெயர் அதில் இல்லை.